தஞ்சாவூருக்கே தெரியாத ஏழாம் சுற்று

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் டீச்சர்மாருக்கு,

போன வாரம் ஒத்திகை பார்க்க என்னைக் கூப்பிட்டு, மாலை போட்டு, நாற்காலியில் உட்கார வைத்தீர்களே, அன்றைக்கு நடுவில் எனக்கு ஒரு பெரிய இருமல் வந்தது. இரண்டு பேர் ஓடிப்போய்ச் சீரகத் தண்ணீர் கொண்டுவந்தீர்கள். ஒருத்தி முதுகைத் தடவிவிட்டாள். அது இருமல் இல்லை. சிரிப்பு. முந்தானையை வாயில் திணித்தும் அடங்காமல் மூக்கு வழியாக வந்த சிரிப்பு.

காரணம் சொல்கிறேன். பின்னல் கோலாட்டத்தில் ஏழாம் சுற்று வந்ததும் எல்லோரும் அசையாமல் நிற்க, ஒருத்தி மட்டும் தன் எதிராளியை ஒரு முழு வட்டம் சுற்றி வருவாள் அல்லவா, அந்த இடத்தில் ஒரு குழந்தை அரை வட்டத்தோடு நிறுத்திவிட்டது. உடனே உங்களில் ஒருத்தி, பெயர் சொல்லமாட்டேன், மஞ்சள் ரவிக்கை, அந்தக் குழந்தையைப் பிடித்துக்கொண்டாள். "இது என்ன விளையாட்டா? தஞ்சாவூர் ராஜாக்கள் காலத்துலேருந்து வர்ற சுத்தாக்கும். ஒரு பக்தி வேண்டாமா?" என்று அதட்டினாள். குழந்தை நடுங்கிப்போய்க் கயிற்றைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டது. அப்போதுதான் எனக்கு இருமல் வந்தது.

அந்தச் சுற்றைத் தஞ்சாவூரில் எந்த ராஜாவும் பார்த்ததில்லை. அது என்னுடையது. அதுவும் யோசித்துக் கண்டுபிடித்தது இல்லை, சுத்தமான தப்பு. இத்தனை வருஷம் கழித்தும் அதைச் சொல்லாமல் இருந்தால் எனக்கு நல்ல கதி கிடைக்காது. ஆகவே எழுதுகிறேன். எல்லோரும் சேர்ந்து படியுங்கள், மஞ்சள் ரவிக்கையை நடுவில் உட்கார வையுங்கள்.

கயிறு பிடிப்பது எப்படி, கோல் தட்டுவது எப்படி என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதைச் சொல்லி அறுக்கப் போவதில்லை. ஒன்றை மட்டும் நினைவுபடுத்துகிறேன். உத்தரத்திலிருந்து பன்னிரண்டு துணிக்கயிறு தொங்குகிறது. ஆறு பேர் வலமாகவும் ஆறு பேர் இடமாகவும், ஒருத்தியை உள்ளே விட்டு அடுத்தவளை வெளியே விட்டு ஓடினால் மேலே சடை பின்னிக்கொண்டு வரும். எதிர்க்கயிற்றுக்காரியை ஒரு தடவை சந்தித்தால் ஒரு சுற்று. பத்துச் சுற்று முடிந்ததும் வந்த வழியே திரும்பி ஓடினால் சடை அவிழும். பின்னும்போது தப்புப் பண்ணினால் பார்ப்பவர் யாருக்கும் தெரியாது, சடை அழகாகவே இருக்கும். அவிழ்க்கும்போதுதான் மாட்டிக்கொள்வோம்.

யுத்தம் வருவதற்கு மூன்று நான்கு வருஷம் முன்னால் நான் சேர்ந்தேன். அப்போது கோலாட்டக் கம்பெனியும் அதன் பள்ளிக்கூடமும் ஒரே அறைதான். காலையில் சின்னப் பிள்ளைகள் வந்தால் அது பள்ளிக்கூடம், சாயங்காலம் நாங்கள் பன்னிரண்டு பேர் வந்தால் கம்பெனி. சாலைக் கடைத்தெருவில் என் அப்பாவின் கருப்பட்டிக் கிடங்குக்கு மேலே மாடி. அப்பா நாஞ்சில்நாட்டிலிருந்து கருப்பட்டி வரவழைத்து விற்பவர். எவ்வளவு பெருக்கிக் கழுவினாலும் அந்தத் தரை பிசுபிசுக்கும். ஓர் இடத்தில் இரண்டு நொடி நின்றால் காலில் எறும்பு ஏறும். எங்கள் கம்பெனிப் பெண்களுக்குக் கால் தரையிலே பாவாது என்று ஊரில் பெரிய பெயர். அந்தப் பெயரை வாங்கிக் கொடுத்தது எறும்பு.

பாதிப் பேர் கரமனை, வலியசாலை அக்ரகாரத்துப் பெண்கள். மீதிப் பேர் என்னைப்போலக் கடைத்தெரு வீட்டுப் பெண்கள். அவர்கள் பேச்சு எங்களுக்குச் சிரிப்பு, எங்கள் பேச்சு அவர்களுக்குச் சிரிப்பு. இரண்டு கூட்டமும் மலையாளம் கலந்து பேசுகிற தமிழைக் கேட்டால் மதுரைப் பக்கத்து விருந்தாளிகளுக்குச் சிரிப்பு.

எல்லோருக்கும் மேலே டீச்சர். பெண்கள் பள்ளிக்கூடத்தில் தையல் சொல்லிக்கொடுத்தவர், வலியசாலைக்காரர். அப்போது அவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கலாம். அவர் கயிற்றைப் பிடித்து ஆடி நாங்கள் ஒரு நாளும் பார்த்ததில்லை. மணை போட்டு உட்கார்ந்து, இரண்டு கையிலும் தாளத்தை வைத்துக்கொண்டு, அதைத் தட்டியே எங்களை ஓட்டுவார். அவ்வளவு பெரிய ஆள் எங்களோடு சேர்ந்து ஓடுவாரா என்று நாங்களே ஒரு காரணம் கற்பித்துக்கொண்டிருந்தோம்.

மணைக்குப் பின்னால் சுவரில் ஒரு வெள்ளைத் துணி தொங்கும். அதன் மேல்பகுதியை மடித்து மூங்கில் குச்சியில் தைத்திருந்தார். எங்கள் பன்னிரண்டு பேர் பெயரும் அதில் பச்சை நூலில் இருக்கும். ஆட்டத்தில் சடை அவிழாமல் முடிச்சு விழுந்துவிட்டால், யாரால் விழுந்ததோ அவள் பெயருக்கு எதிரே சிவப்பு நூலால் ஒரு முடிச்சுத் தைப்பார். மூன்று சிவப்பு முடிச்சு ஆகிவிட்டால் கயிற்றைக் கீழே வைத்துவிட வேண்டும். அப்புறம் ஆயுசுக்கும் தாளம்தான். அழுதாலும் கிடையாது, புரண்டாலும் கிடையாது. மாடி யாருடைய அப்பாவுடையது என்பதெல்லாம் டீச்சரிடம் செல்லாது.

"ஊர்லே மூணு முடிச்சு விழுந்தா கல்யாணம். இங்கே விழுந்தா விவாகரத்தாக்கும்" என்பாள் அலமேலு. அவள் கரமனைக்காரி, என் எதிர்க்கயிறு. இரண்டு பேருக்கும் பத்தொன்பது வயது.

அவளுக்கு அது வேடிக்கை. நான் அந்தத் துணியின் பக்கமே பார்க்கமாட்டேன். ஏனென்றால் எனக்குப் படிப்பு ஏறவில்லை. நான் வைத்த புளிக்குழம்பைச் சாப்பிட்டு அண்ணன் இரண்டு நாள் கடைக்குப் போகவில்லை. தையலில் டீச்சரே என்னைக் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பியிருந்தார். கயிறு ஒன்றுதான் எனக்கு வந்தது. அதைக் கையில் பிடித்தால் என் உடம்பே இலேசாகிவிடும். அதை விட்டுவிட்டு மணையில் உட்காருவதை நினைத்தாலே அழுகை வரும். அப்படிப்பட்ட எனக்கு, சேர்ந்த ஒரு வருஷத்திலேயே இரண்டு முடிச்சு விழுந்திருந்தது.

முதல் முடிச்சு போளியால் வந்தது. வலியசாலையில் ஒரு கல்யாண வீடு. ஆடி முடித்த பிறகுதான் எங்களுக்குச் சாப்பாடு. பால் பாயசத்தில் போளியைப் பிய்த்துப் போட்டுச் சாப்பிட்டவர்களுக்கு நான் சொல்வது புரியும். ஐந்தாம் சுற்றில் திரும்பும்போது பார்க்கிறேன், பரிசாரகர் கடைசித் தாம்பாளத்தைப் பந்திக்குத் தூக்கிக்கொண்டு போகிறார். எத்தனை போளி மிஞ்சும் என்று எண்ண ஆரம்பித்தேன். எண்ணிக்கை சரியாகத்தான் வந்தது, கால்தான் தப்பாகப் போய்விட்டது. அவிழ்க்கும்போது சடை இறுகிவிட்டது. பன்னிரண்டு பேரும் தொழுவத்துக் கன்றுகள் மாதிரி கயிறும் கையுமாக நின்றோம். மாப்பிள்ளையின் சித்தப்பா ஏணி வைத்து ஏறிச் சடையைப் பிரித்துவிட்டார். ஆனால் அவருக்கு இறங்கத் தெரியவில்லை. அவரை இறக்க இன்னொருவர் ஏற வேண்டியதாயிற்று. அதற்குள் போளி தீர்ந்தது.

மறுநாள் டீச்சர் ஊசியில் சிவப்பு நூலைக் கோத்துக்கொண்டே, "போளி ரொம்ப நன்னா இருந்ததாமே, கேட்டியோ?" என்று மட்டும் சொன்னார். இதில் உங்களுக்குப் பாடம், சாப்பிடாமல் ஆடப் போகாதீர்கள். நானும் பலமுறை யோசித்துப் பார்த்துவிட்டேன், வேறு பாடம் எதுவும் கிடைக்கவில்லை.

இரண்டாவது முடிச்சு மரியாதையால் வந்தது. முதல் முடிச்சு விழுந்ததிலிருந்து எனக்கு ஒவ்வொரு அடியிலும் சந்தேகம். ஒரு கோயில் உற்சவத்தில் அலமேலு எதிரே வருகிறாள், உள்ளே போக வேண்டியது அவளா நானா என்று ஒரு கணம் நின்றேன். நான் நிற்பதைப் பார்த்து அவளும் நின்றாள்.

"நீ போடி" என்றாள்.

"நீ போட்டி, நான் பொறவு வாரேன்."

"இல்லேடி, நீதான் உள்ளே."

எங்கள் பின்னால் பத்துப் பேர் ஒருத்தி முதுகில் ஒருத்தி வந்து முட்டினார்கள். யாரால் என்று டீச்சர் கேட்டபோதும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் "நான்தான்" என்றோம். நான் கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன், எனக்கு விழுந்தது. நாம் கயிற்றில் ஓடும்போது சந்தேகம் வந்தால் தப்போ சரியோ ஓடிவிட வேண்டும். நின்றால் பின்னால் வருகிறவளும் சேர்ந்து கெடுவாள்.

இனிமேல்தான் மூன்றாவது.

மகளிர் சங்கம் ஒன்றின் ஆண்டு விழா. பிற்பகல் நாலு மணி. முன்வரிசையில் ஒரு பெரிய உத்தியோகஸ்தரின் மனைவி, பக்கத்தில் பொன்முடித் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த ஒரு துரைசானி. மலைப்பாதை வளைவுகளில் தலை சுற்றி, கல்லாற்றில் வண்டியை நிறுத்தி முகம் கழுவிக்கொண்டு வந்தாராம். வாடிப்போய் உட்கார்ந்திருந்தார். புறப்படும்போதே டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "கோமதி, உனக்கு ரெண்டு ஆயாச்சு. ஞாபகம் இருக்கோல்லியோ?" என்றார். ஞாபகம் இருப்பதாகச் சொன்னேன். வேறு எதுவுமே ஞாபகம் இல்லாத அளவுக்கு அது ஞாபகம் இருந்தது.

ஆட்டம் தொடங்கியது. சடை வண்ணம் வண்ணமாக இறங்கி வருவதைப் பார்த்ததும் துரைசானிக்குக் களைப்பெல்லாம் எங்கேயோ போய்விட்டது. எழுந்து நின்று கைதட்டினார். உங்களுக்குக் கைதட்டல் பழகிப்போயிருக்கும். எங்கள் தெருக்களில் ஆட்டம் நடக்கும்போது ஜனங்கள் வெற்றிலை போடுவார்கள், வரன் பேசுவார்கள், யாரும் கைதட்டியதில்லை. எனக்கு உச்சந்தலையில் ஏறிவிட்டது. ஏழாம் சுற்று. அலமேலு எதிரே வந்தாள். அவளை உள்ளே விட்டு நான் வெளியே போக வேண்டும். போகாமல், கொசுவம் விரிய, அவளை ஒரு முழு வட்டம் சுற்றிவிட்டுப் போனேன். துரைசானி இன்னும் பலமாகத் தட்டினார்.

வேறு எந்த ஆட்டத்திலும் கூடுதலாக ஒரு சுற்றுச் சுற்றினால் அது அழகு. நம் ஆட்டத்தில் அது சுருக்கு. என் சிவப்புக் கயிறு அலமேலுவின் மஞ்சள் கயிற்றை ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு சடைக்குள் ஏறிப் போவதை நான் அண்ணாந்து பார்த்தேன். அந்த நிமிஷமே கைதட்டல் காதில் விழாமல் போய்விட்டது.

சடை பின்ன இன்னும் மூன்று சுற்று இருந்தது. மூன்று சுற்றுக்குள் எனக்கு என்னென்ன புத்தி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எட்டாம் சுற்றில், எப்படியாவது அவிழ்ந்துவிடும் என்று நினைத்தேன். அலமேலு எதிரே வரும்போது, "என்னடி பண்ணித் தொலைச்சே?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். "ஒண்ணுமில்லட்டி" என்றேன். ஒன்பதாம் சுற்றில், சிவப்பும் மஞ்சளும் மாட்டிக்கொண்டால் யாருடைய தப்பு என்று யார் கண்டார்கள், அவள் பெயரில் ஒரு முடிச்சுகூட இல்லையே, ஒன்று விழுந்தால் என்ன என்று நினைத்தேன். ஆமாம், நினைத்தேன். அந்த நினைப்பு என் கூடவே ஒரு சுற்று முழுக்க ஓடி வந்தது. பத்தாம் சுற்றில் அலமேலு எதிரே வந்தாள். மூக்கு நுனியில் வியர்வை, முகத்தில் சிரிப்பு.

"பயப்படாதேடி. மாட்டிண்டா நான்னு சொல்லிக்கறேன். எனக்கு ஒண்ணும் இல்லியே, உனக்குன்னா ரெண்டு இருக்கு."

சொல்லிவிட்டு உள்ளே புகுந்து போய்விட்டாள். எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும்போலவும் இருந்தது, ஓர் அறை கொடுக்க வேண்டும்போலவும் இருந்தது. அவள் பழியை ஏற்றுக்கொள்ளலாம், அதனால் சடை அவிழ்ந்துவிடுமா? அத்தனை பேர் முன்னால் பன்னிரண்டு பேரும் கட்டுண்டு நிற்க வேண்டும். மறுபடி ஒரு சித்தப்பா, மறுபடி ஓர் ஏணி. சுருக்கை அவிழ்க்க ஒரே வழிதான் உண்டு. திரும்பி வரும்போது அதே ஏழாம் சுற்றில், அதே அலமேலுவை, எதிர்ப்புறமாக நான் இன்னொரு தடவை சுற்ற வேண்டும். அந்த ஒரு தாளத்துக்கு மற்ற எல்லோரும் நிற்க வேண்டும். அதற்குப் பன்னிரண்டு பேருக்கும் டீச்சருக்கும் விஷயம் தெரிய வேண்டும். தெரிந்தால் என் கயிறு போச்சு.

சந்தேகம் வந்தால் நிற்காமல் ஓடிவிட வேண்டும் என்று சற்று முன் எழுதினேன் அல்லவா. அதை நான் கற்றுக்கொண்டிருந்தேன்.

நம் பாட்டில் ஒருத்தி எடுத்துக்கொடுப்பாள், மற்றவர்கள் திருப்பிப் பாடுவார்கள். அன்று எடுத்துக்கொடுப்பது என் முறை. கண்ணன் வெண்ணெய் திருடிய அடி முடிந்து, திரும்பி ஓடும் இடம் வந்தது. நான் ராகத்தையும் தாளத்தையும் விடாமல் இப்படி எடுத்தேன்:

கோலெடுத் தாடிய கோமதி நானே
கூடுதல் சுற்றொன்று சுற்றிவிட் டேனே

வாய்ப்பழக்கம் என்பது எவ்வளவு பெரிய விஷயம் பாருங்கள். பதினோரு பேரும், என்ன பாடுகிறோம் என்றே யோசிக்காமல், கணீரென்று திருப்பிப் பாடினார்கள். கோலெடுத்தாடிய கோமதி நானே! ஒரே மேடையில் பன்னிரண்டு கோமதி. பாடி முடித்த பிறகுதான் ஒருத்தியை ஒருத்தி பார்த்தார்கள். ஒருத்தி "ஐயோ" என்றாள், அதுவும் தாளத்தில் விழுந்தது.

நான் டீச்சரைப் பார்த்தேன். அவர் கையில் ஒரு தட்டுகூடப் பிசகவில்லை. கண்ணை மட்டும் ஒரு தடவை மூடித் திறந்தார். பிறகு, அதுவரை எந்த மேடையிலும் வாய் திறந்து பாடாத டீச்சர் பாடினார்:

எத்தனை யாவது சுற்றது பெண்ணே
எவளைச் சுற்றினாய் சொல்லடி கண்ணே

பதினோரு பேரும் அதையும் திருப்பிப் பாடினார்கள். இந்தத் தடவை உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்ற அவசரத்தோடு பாடினார்கள். நான் ஓடிக்கொண்டே பதில் சொன்னேன்:

ஏழாம் சுற்றில் அலமுவைச் சுற்றினேன்
இடப்புற மாக ஏனோ சுற்றினேன்

டீச்சர் தீர்ப்பைச் சொன்னார்:

ஏழு வந்ததும் எல்லோரும் நிற்கட்டும்
கோமதி மட்டும் வலப்புறம் சுற்றட்டும்

இதைத் திருப்பிப் பாடும்போது பாதிப் பேருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. சபையில் கண்ணைத் துடைத்துக்கொண்ட இரண்டு மூன்று பேரை நான் பார்த்தேன். கோமதி என்று ஒரு கோபிகை, கண்ணனிடம் குற்றத்தை ஒப்புக்கொள்கிறாள் என்று நினைத்துக்கொண்டார்கள். கடைசிக் கயிற்றுக்காரியும் வீட்டுக்குப் போகும்வரை அது ஏதோ புதுப் பாட்டு என்றே நினைத்திருந்தாள். அதனால் ஒரு கெடுதலும் இல்லை, நில் என்றதும் நின்றாளே, அது போதும்.

பத்து அவிழ்ந்தது. ஒன்பது அவிழ்ந்தது. எட்டு. ஏழு வந்ததும் டீச்சர் தாளத்தை ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். எறும்புத் தரையில் வளர்ந்த இருபத்திரண்டு கால்களும் பிறவியெடுத்ததிலிருந்து முதல் தடவையாக ஓர் இடத்தில் நின்றன. விரல்கள் மட்டும் துடித்துக்கொண்டிருந்தன. நான் அலமேலுவை வலப்புறமாகச் சுற்றினேன். அவள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, "பகவானே, பகவானே, இவளுக்குப் புத்தி கொடு" என்று முணுமுணுத்தாள். மேலே சரக்கென்று ஒரு சத்தம் கேட்டது. சிவப்பு மஞ்சளை விட்டுவிட்டது.

ஆறு, ஐந்து, நாலு என்று எப்படி ஓடினோம் என்று எனக்குத் தெரியாது. பன்னிரண்டு கயிறும் நேராகத் தொங்கியபோது நான் அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் இருந்தேன். சபை முழுக்க எழுந்து தட்டியது. இந்தக் கைதட்டலுக்கு நான் அசையவே இல்லை, கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

உத்தியோகஸ்தரின் மனைவி நேரே டீச்சரிடம் வந்து, என்ன அழகு, எந்த ஊர் வழக்கம் என்று மலையாளத்தில் கேட்டார். "டீச்சரே, எல்லாரும் நின்னிட்டு ஒராள் மாத்ரம் சுற்றுன்னில்லே, அது எந்தொரு பங்கியா! இது எவிடத்தெ வழக்கமா?"

நாங்கள் பன்னிரண்டு பேரும் டீச்சர் வாயையே பார்த்தோம். டீச்சர் பொய் சொல்லி யாரும் கேட்டதில்லை. பள்ளிக்கூடத்தில் தையல் மார்க்கை அரை மார்க் கூட்டிப் போடமாட்டார் என்று பெயர் எடுத்தவர். அவர் என்னைப் பார்த்தார், கயிற்றைப் பிடித்திருந்த என் கையைப் பார்த்தார். பிறகு முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல் சொன்னார்:

"அது பழய தஞ்சாவூர் சம்பிரதாயமாணு."

துரைசானி பின்னாலிருந்து "ஒன்ஸ் மோர்! ஒன்ஸ் மோர்!" என்று கத்தினார். ஆக, அதே மேடையில், அதே தப்பை, இந்தத் தடவை வேண்டுமென்றே நான் இன்னொரு முறை செய்தேன். ஒரு தப்பை ஒழுங்காகச் செய்வது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது.

மறுநாள் சாயங்காலம் எல்லோருக்கும் முன்னால் போய் என் சிவப்புக் கயிற்றை நானே அவிழ்த்து, மடித்து, மணைக்கு முன்னால் வைத்தேன். டீச்சர் ஏற்கெனவே ஊசியில் சிவப்பு நூல் கோத்து வைத்திருந்தார். ஒருத்தி ஒருத்தியாக வந்தார்கள், வந்ததும் வழக்கு ஆரம்பமாயிற்று.

"முடிச்சு விழவே இல்லியே டீச்சர். விழாத முடிச்சை எப்படித் தைப்பேள்?" என்றாள் அலமேலு.

"ஆனா தப்பு பண்ணினாள்லா? அவளே பாடினா. நாமளும்லா பாடினோம்" என்றாள் கடைத்தெருக்காரி ஒருத்தி. அவள் எனக்குச் சொந்தம் வேறு.

அரை மணி நேரம் வாதம் நடந்தது. எறும்பு கடித்ததில் நின்று வாதாட முடியாமல் எல்லோரும் குதித்துக் குதித்து வாதாடினார்கள். டீச்சர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "தப்புப் பண்ணினவாளுக்கெல்லாம் தைக்க ஆரம்பிச்சா இந்த ஊர்லே சிவப்பு நூல் கிடைக்காது. அவிழாட்டாத்தான் முடிச்சு. எடுத்துக் கட்டுடி கயிறை" என்றார்.

நான் கட்டினேன். டீச்சர் அந்தச் சிவப்பு நூல் ஊசியைப் பெட்டியில் திருப்பி வைக்காமல் முந்தானையில் குத்திக்கொண்டதைப் பார்த்தேன். அன்றைக்கு எனக்கு அது ஒன்றும் வித்தியாசமாகத் தோன்றவில்லை.

இதிலிருந்து உங்களுக்குச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். நாளைக்கு ஒரு குழந்தை பின்னும்போது தப்புப் பண்ணும். ஏன் பண்ணினாய் என்று கேட்காதீர்கள், அதற்கு அதனிடம் பதில் இருக்காது, எனக்கும் இருந்ததில்லை. எந்தச் சுற்றில், யாரோடு என்று கேளுங்கள். தாளத்தை விடாமல் கேளுங்கள்.

பத்து வருஷம் ஓடியது. எனக்குக் கல்யாணம் ஆனது, அலமேலு பம்பாய்க்குப் போனாள், யுத்தம் வந்து போனது. என் பெயரில் மூன்றாவது முடிச்சு விழவே இல்லை. டீச்சர் திருநெல்வேலியில் தம்பி வீட்டோடு போய் இருப்பதென்று முடிவு செய்து, பள்ளிக்கூடத்தை என் தலையில் கட்டினார். தம்பானூர் ஸ்டேஷனுக்கு நான்தான் வழியனுப்பப் போனேன். வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகு, ஜன்னல் வழியாக ஒரு துணிச்சுருளைக் கொடுத்தார். சுவரில் தொங்கிய அந்தத் துணி. மூங்கில் குச்சியை எடுத்துவிட்டு, மேல் மடிப்பின் தையலைப் பிரித்திருந்தார்.

"வண்டி கிளம்பினப்புறம் பிரிச்சுப் பாரு" என்றார்.

எனக்கு அவ்வளவு பொறுமை ஏது? விசில் ஊதியதுமே பிரித்துவிட்டேன். இத்தனை வருஷம் மடிப்புக்குள் இருந்த இடத்தில், எங்கள் எல்லோர் பெயருக்கும் மேலே, இன்னொரு பெயர் பச்சை நூலில் இருந்தது. டீச்சருக்கு ஒரு பெயர் உண்டு என்பதே எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தப் பெயருக்கு எதிரே மூன்று முடிச்சு. நூல் வெளுத்துப்போய், நாங்கள் யாரும் வருவதற்கு முந்தியது என்று பார்த்தாலே தெரிந்தது. மணை எதனால், தாளம் எதனால் என்பது அந்தப் பிளாட்பாரத்தில்தான் எனக்கு விளங்கியது. அவர் கயிற்றைக் கீழே வைக்கச் சொன்னது யார்? அவரேதான்.

மூன்றுக்கும் பக்கத்தில் நான்காவதாக ஒரு முடிச்சு இருந்தது. அதன் நூல் வெளுக்கவில்லை. அதன் கீழே எறும்பு அளவு எழுத்தில் ஒரே ஒரு வார்த்தை தைத்திருந்தது. தஞ்சாவூர்.

வண்டி நகர்ந்துவிட்டது. நான் கூடவே ஓடினேன். "டீச்சர்! நாலு இருக்கு டீச்சர்! நாலு!" என்று நாலு விரலைக் காட்டிக்கொண்டு கத்தினேன். போர்ட்டர்கள் நாலாவது பெட்டி என்று நினைத்து வழி விட்டார்கள். டீச்சர் ஜன்னலுக்கு வெளியே இரண்டு கையையும் நீட்டி, வெறும் உள்ளங்கையால் நம் தாளத்தைத் தட்டினார். வண்டி வளைவில் மறையும்வரை தட்டிக்கொண்டும் சிரித்துக்கொண்டும் போனார்.

டீச்சர் அந்தப் பொய்யை ஒரே ஒரு தடவை சொன்னார், அதுவும் என் கயிற்றுக்காக. அதற்கே ஒரு முடிச்சு. நான் முப்பது வருஷம் அதே பொய்யை ஒவ்வொரு வகுப்புக்கும் சொல்லிக்கொடுத்தேன், தஞ்சாவூர் என்றால் பிள்ளைகள் ஒழுங்காக நிற்கிறார்கள் என்ற சௌகரியத்துக்காக. மஞ்சள் ரவிக்கைக்குச் சொல்லிக்கொடுத்தவளுக்குச் சொல்லிக்கொடுத்தது நான்தான். ஆகவே அவளை யாரும் ஒன்றும் சொல்லக் கூடாது. அந்தக் குழந்தையிடம் மட்டும், அரை வட்டத்தில் நின்றது பெரிய பாவம் இல்லை என்று சொல்லிவிடுங்கள்.

இன்று காலை மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தத் துணியை எடுத்து, என் பெயருக்கு எதிரே மூன்றாவது முடிச்சை நானே தைத்துவிட்டேன். என் தையல் தெரிந்ததுதான், பார்த்தால் மூட்டைப்பூச்சி மாதிரி இருக்கிறது. ஆனாலும் முடிச்சு முடிச்சுதான், மூன்று ஆகிவிட்டது. மணையைத் துடைத்து வையுங்கள். திங்கட்கிழமை தாளம் போட வருகிறேன்.